ஒன்றாம் நம்பர் அவர்களே, எங்கிருந்தாலும் உடனே வரவும்

அண்ணாமலையைச் சுற்றி வருகிற லட்சோப லட்சம் பேரில் அதிகமாகப் பயந்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு மைக்குக்குத்தான். இரண்டாம் பரிசு எனக்கு. ஒரே வித்தியாசம், அவர் தன் பயத்தை ஊருக்கே கேட்கும்படி சொல்வார். நான் முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் பயத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொள்வேன்.

மைக் என்பது ஊர் வைத்த பெயர். அவருக்கு வேறு பெயர் இருந்ததாக ரேஷன் கார்டு ஒன்றுதான் சாட்சி சொல்லும். மைக் செட் வாடகைக்கு விட்டவர். பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில், கூட்டத்தில் காணாமல் போனவர்களைக் கூப்பிடுகிற பந்தலில் உட்கார்ந்திருப்பார். "செய்யாறிலிருந்து வந்திருக்கும் முருகேசன் அவர்களே! உங்கள் மனைவி இங்கே அழுதுகொண்டிருக்கிறார். எங்கிருந்தாலும் உடனே வரவும்!" அந்தக் குரலுக்குக் காணாமல் போகாதவர்களே நான்கு பேர் வந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பௌர்ணமியன்று மைக்கைக் கீழே வைத்தார். அதன் பிறகு தொடவில்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பேச்சை மாற்றிய இடம் எங்கள் லாட்ஜ். செங்கம் ரோட்டில் நானும் என் மச்சினன் சேகரும் சேர்ந்து நடத்துகிற சின்ன லாட்ஜ் அது. இன்டர்நெட் இலவசம், டீ இலவசம், ஃபேனுக்கு அடியில் சோபா. மைக் காலையில் வந்து உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். மடியில் பழைய லேப்டாப். அதன் கேமராக் கண்ணை மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றால் மூடியிருப்பார். ரிசப்ஷனில் இருந்த தனம் அதைப் பார்த்து, "அங்கிள், உங்க லேப்டாப்புக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்பாள்.

அவருக்கு எதற்குத்தான் பயம் இல்லை? லிஃப்டுக்குப் பயம். குக்கருக்குப் பயம். எங்கள் மொட்டைமாடிக் குரங்குகளில் ஒன்று தன்னையே குறிவைத்திருப்பதாகத் தீராத சந்தேகம். எல்லாவற்றையும்விட, ஆள் மாறாட்டத்துக்குப் பயம். சொந்த மனைவி போன் செய்தால்கூட உடனே பேசமாட்டார்.

"யாரு பேசறது?"

"நான்தான்யா."

"நேத்து ராத்திரி இன்னா கொழம்பு?"

"வீட்டுக்கு வா, அதே கொழம்ப மூஞ்சில ஊத்துறேன்."

"அவதான்" என்று எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் பேச்சைத் தொடர்வார்.

இப்படிப்பட்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு வீடியோ பார்த்துப் பார்த்து பைத்தான் கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி அது. ஒரு நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ப்ரொபசர், இந்த ஒயருக்குள்ள இன்னா நடக்குதுன்னு தெரியுமா? முழுக்க முழுக்க கிரிவலம் சார். ஒவ்வொரு மெஷினுக்கும் ரெண்டு அடையாளம். ஒண்ணு, நாம குடுக்கிற நம்பர். லாட்ஜு ரூம் மாதிரி, இன்னிக்கு இருக்கும், நாளைக்கு மாறும். இன்னொண்ணு, கம்பெனில பொறக்கும்போதே குத்தி அனுப்புறது. அது மச்சம். ஒருத்தனுக்கு ஒரு சேதி போய்ச் சேரணும்னா மச்சம் தெரியணும். தெரியலன்னா மெஷின் இன்னா பண்ணும்? மைக் புடிச்சுக் கத்தும். 'ஒண்ணாம் நம்பர் யாருங்க? ஏழாம் நம்பர்கிட்ட வந்து சொல்லுங்க'ன்னு. எல்லாருக்கும் கேக்கும். யாரு ஒண்ணாம் நம்பரோ அவரு மட்டும் 'நான்தான், என் மச்சம் இது'ன்னு பதில் சொல்லுவாரு."

"நல்ல ஏற்பாடுதானே?" என்றேன்.

"இன்னா நல்ல ஏற்பாடு! நீ யாரு, இன்னா கலர் சட்டை, காலைல இன்னா துன்னன்னு ஒரு கேள்வி கெடையாது சார். எவன் 'நான்தான்'னு சொல்றானோ அவன்தான். அப்படியே நம்பிடும்!" சொல்லும்போது அவர் விரல்கள் நடுங்கின. டீயைக் கீழே வைத்துவிட்டார். இயந்திரங்களின் வெள்ளந்தித்தனத்துக்கு நடுங்கிய மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று முதல் எங்கள் லாட்ஜின் ஒயருக்குள் போகும் ஒவ்வொரு கூப்பாட்டையும் பிரித்துப் பார்ப்பதே அவருக்குத் தவம். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பொட்டலமாம். அதில் கேட்டவர் மச்சம், கேட்டவர் நம்பர், தேடப்படுபவர் நம்பர் எல்லாம் வரிசையாக மடித்து வைத்திருக்குமாம். முதலில் தானே கையால் பிரிக்கிறேன் என்று இறங்கினார். இரண்டே நாளில் முகம் வெளிறி வந்து நின்றார்.

"சார், நம்ம லாட்ஜுல அடையாளம் தெரியாத ஆளுங்க ஜாஸ்தியாயிக்கினே போறாங்க. நிமிஷத்துக்கு நிமிஷம் புதுசு புதுசா நம்பரு. ஒண்ணுகூட நம்முளுது இல்ல."

சேகர் மொட்டைமாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினான். நான் பீரோ சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டேன். வாட்ச்மேன் பக்கத்துக் கடையில் விசில் வாங்கி, அது ஊதுகிறதா என்று நாள் முழுக்கச் சோதித்தார். மூன்றாம் நாள் தனம் அவர் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கிள், பொட்டலத்து மேல ஒரு கவர் இருக்கும். அந்த கவரையும் சேத்துப் படிச்சுட்டீங்க. எல்லாமே தள்ளித் தள்ளி வருது. இத பிரிக்கிறதுக்குன்னே பைத்தான்ல ரெடியா எழுதி வெச்ச லைப்ரரி ஒண்ணு இருக்கு, அத போடுங்க."

லைப்ரரியைப் போட்டார். அடையாளம் தெரியாத ஆட்கள் ஒரே நொடியில் மறைந்தார்கள். மைக் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "பயந்தது நல்லதுக்குத்தான். பூட்டு மிச்சம்" என்றார்.

அடுத்து தன் குரலையே அதில் ஏற்றினார். எண்களையும் அறிவிப்புகளையும் பழைய பந்தல் தொனியில் பேசிப் பதிவு செய்து, பொட்டலம் வரும்போதெல்லாம் ரிசப்ஷன் ஸ்பீக்கர் பேசும்படி எழுதிவிட்டார். "ஒன்றாம் நம்பர் அவர்களே! உங்களை ஏழாம் நம்பர் தேடுகிறார். எங்கிருந்தாலும் உடனே வரவும்!" ஏழாம் அறையில் தங்கியிருந்த ஆரணிக் குடும்பம், "நாங்க யாரையும் தேடலியே?" என்று குழந்தை குட்டிகளோடு இறங்கி வந்தது. ஒன்றாம் அறைக்காரர் சோப்பு நுரையோடு வந்தார். அதற்குப் பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்தோம்.

ஒன்றாம் நம்பர் என்பது வாசல். லாட்ஜிலிருந்து வெளி உலகத்துக்கு எது போனாலும் அந்த இன்டர்நெட் பெட்டி வழியாகத்தான் போகவேண்டும். ஆகவே எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். இதையெல்லாம் தனம்தான் ஒழுங்குபடுத்தியிருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். பிரிண்டருக்கு ஒரு எண், ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்கு ஒரு எண், என் அறையில் இருந்த கண்காணிப்புக் கேமராப் பெட்டிக்கு ஒரு எண் என்று நிரந்தரமாகக் கொடுத்து வைத்திருந்தாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் வந்தது வினை. லாட்ஜில் இன்டர்நெட் வரும், போகும். ஒரு அறையில் ஓடும்போது பக்கத்து அறையில் நின்றுவிடும். பெங்களூரிலிருந்து வந்து ஐந்தாம் அறையில் தங்கியபடியே ஆபீஸ் வேலை பார்த்த ஒருவர், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் நின்று கத்தினார். இது சாதாரணக் கோளாறு இல்லை, யாரோ நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடுங்குகிறார்கள், நாளைக்கு என் பேங்க் பணம் போனால் போலீசுக்குப் போவேன் என்றார்.

மைக் ஏற்கெனவே வியர்த்துப் போயிருந்தார். தன் லேப்டாப்பிலிருந்து தானே ஒரு கூப்பாடு அனுப்பிப் பார்த்திருக்கிறார், ஒன்றாம் நம்பர் யார் என்று.

"ப்ரொபசர்... ரெண்டு பேரு பதில் சொல்றாங்க. ரெண்டு பேரும் 'நான்தான் ஒண்ணாம் நம்பர்'ங்கிறாங்க. மச்சம் வேற வேற. வாசல்ல ஒரு போலி ஆளு நிக்கிறான் சார்!"

பெங்களூர்க்காரர் முகம் சுண்டியது. சேகர் என்னைத் தனியாக இழுத்தான். "மாமா, நம்ம லாட்ஜுல இந்த வேலை தெரிஞ்சவங்க யாரு? அந்தப் பொண்ணு ஒருத்திதான். பாஸ்வேர்டும் அவகிட்டதான்."

"மைக்குக்கும் தெரியுமே?"

"அவருக்கு எங்க தெரியும்? கவரையும் சேத்துப் படிக்கிற ஆளு."

அந்த நிமிஷம்தான், அந்தப் போலி ஆள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் லாட்ஜில் எட்டாம் அறை கிடையாது. ஏழு, ஏழு ஏ, அடுத்தது ஒன்பது. என் ஸ்கூட்டர் எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வராதபடி ஆர்டிஓ ஆபீசில் இரண்டு வாரம் காத்திருந்தவன் நான். நியூட்டனின் விதிகளைக் கரும்பலகையில் நிரூபித்துவிட்டு, வெளியே வந்து எட்டாம் நம்பர் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து போன ஆசாமி. பிறந்த தேதி எட்டு. அந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை.

கேமராப் பெட்டி என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் எதையோ தேடி அதன் செட்டிங்கில் நுழைந்தபோது, தனம் அதற்குக் கொடுத்திருந்த கடைசி எண் எட்டு என்று தெரிந்தது. இத்தனை மாதம் எட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறேன்! உடனே அழித்தேன். வேறு எந்த எண் போடுவது? முதலாளி அறையில் இருக்கிற பெட்டி, ஒன்றாகவே இருக்கட்டும் என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். கேமராக்களின் ஒயர் நேராகப் பெட்டிக்கு வருவதால் படம் வழக்கம்போல் தெரிந்தது. எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. திருடனைப் பிடிக்க வாங்கிய பெட்டி, வாசலில் நின்று "நான்தான் வாசல்" என்று எல்லோரையும் கூப்பிட்டு, வந்ததையெல்லாம் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். ஆனால் ஹாலில் பெங்களூர்க்காரர், சேகர், வாட்ச்மேன், ஆரணியிலிருந்து இன்னொரு குடும்பம். இயற்பியல் பேராசிரியர் எட்டுக்குப் பயந்து எண்ணை மாற்றினார் என்பதை இவர்கள் முன்னால் சொல்வதா? நான் மாடிக்குப் போனேன். அந்த நேரத்தில் கீழே சேகர் தனத்திடம், "கொஞ்ச நாள் லீவுல இரும்மா, விசாரிச்சுட்டுக் கூப்பிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "நான் இன்னா பண்ணேன் சார்? அதையாவது சொல்லுங்க" என்று அவள் கேட்டது படிக்கட்டு வரை கேட்டது. நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியின் எண்ணைத் திரும்ப எட்டாக்கினேன்.

சரிசெய்துவிட்டோம், இனி யாருக்கும் தெரியாது, அவளை நாலு நாளில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கின் விளைவைப் பாருங்கள். தனம் மத்தியானம் பஸ் ஏறினாள். சாயங்காலத்திலிருந்து லாட்ஜ் முழுக்க இன்டர்நெட் பிரமாதமாக ஓடியது.

"பாத்தீங்களா மாமா?" என்றான் சேகர். "அவ போனா, எல்லாம் சரியாயிடுச்சு. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

என் கையாலேயே அந்தப் பெண்ணின் பேரில் முத்திரை குத்திவிட்டேன். மறுநாள் பக்கத்து லாட்ஜ்காரரே, "கம்ப்யூட்டர்ல திருடின பொண்ணாமே?" என்று என்னிடம் விசாரித்தார். பக்கத்து லாட்ஜுக்கு வந்த சேதி கீழ்பென்னாத்தூருக்குப் போக எத்தனை பஸ் வேண்டும்? படியில் காலடிச் சத்தம் கேட்டாலே, தெரிந்துவிட்டது என்று எழுந்து நின்றுவிடுவேன்.

ஒரு காலை, அந்தக் காலடிச் சத்தம் மைக்காக இருந்தது. லிஃப்டுக்குப் பயந்து மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியை ஒரு முறை பார்த்தார்.

"ப்ரொபசர், ஒண்ணாம் நம்பர்னு நின்ன போலி ஆளு எங்கயும் போவல. இப்போ எட்டாம் நம்பர்ல நிக்கிறாரு. மச்சம் அதேதான். சட்டைய மட்டும் மாத்திக்கினாரு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். எட்டைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பயந்தவனுக்குத்தான் இன்னொருவன் பயத்தைப் பார்த்துச் சிரிப்பு வராது.

"வெளியில சொல்லிடாதீங்க மைக்கு" என்றேன். எழுபது வயதில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் ஏன் மைக்க வெச்சேன்னு கேட்டீங்க இல்ல? ஒரு பௌர்ணமிக்கு ஒரு பாப்பா காணாமப் போயி பந்தலுக்கு வந்துது. மைக்ல கூப்புட்டேன். ஒருத்தன் ஓடியாந்தான். 'நான்தான் பாப்பாவோட மாமா'ன்னான். நல்ல கூட்டம், நல்ல அவசரம். குடுத்துட்டேன் சார். கொஞ்ச நேரத்துல நெஜ அப்பன் வந்து நிக்கிறான். அப்புறம் தேடித் தேடி, எலுமிச்ச சாதக் கடைகிட்ட பாப்பா கெடச்சுது. அவன் வுட்டுட்டுப் போயிட்டான். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவல. எனக்குதான் கை ஒதறல் நிக்கல." கையை நீட்டிக் காட்டினார். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. "ரெண்டு பேரு பதில் சொல்றாங்கன்னு ஹால்ல கத்தினவன் நான். இப்போ தனத்தையும் அதே மாதிரி தப்பான ஆளு கைல குடுத்துட்டேன் சார்."

"என்ன செய்யப் போறீங்க?"

"உங்க பேர நான் சொல்லமாட்டேன். கூப்புடறதுதான் என் வேலை. வர்றது அவங்கவங்க வேலை."

அடுத்த நாள் பௌர்ணமி. வழக்கம்போல லாட்ஜ் வாசலில் நீர்மோர்ப் பந்தல், ஒரு மைக், ஸ்பீக்கர். மத்தியானமே கூட்டம் கூடிவிட்டது. நான் மாடியில் கேமராப் படத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக் பந்தலுக்குள் வருவது தெரிந்தது. சேகரிடமிருந்து மைக்கை வாங்கினார். சின்னத் திரையில்கூட அவர் கை ஆடுவது தெரிந்தது. பிறகு அந்தக் குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஒன்றாம் நம்பர் என்று சொல்லிக்கொண்டு நின்றவரே! உங்களுக்காக ஒரு பெண் கீழ்பென்னாத்தூரில் காத்துக்கொண்டிருக்கிறார். எங்கிருந்தாலும் உடனே வரவும். உங்களை யாரும் திட்டமாட்டார்கள்."

கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பவும் அதையே சொன்னார். காணாமல் போன குழந்தையைக் கூப்பிடுகிற அதே கனிவு. மோர் குடிக்க வந்தவர்கள் யாரையோ தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மூன்றாவது முறை சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. என்னால் அதைக் கேட்க முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் இறங்கினேன்.

மைக்கை என்னிடம் கொடுத்தார். சொன்னேன். எட்டு, ஒன்று, பெட்டி, தனம், எதையும் விடாமல். முன்வரிசையில் மோர் டம்ளரோடு நின்ற ஒரு அம்மா, "எட்டுக்கா பயந்தே? எனக்கு எட்டுப் புள்ளைங்க பெரியவரே" என்றார். கூட்டம் சிரித்தது. சேகர் தலையைக் குனிந்துகொண்டான். நான் பயந்து பயந்து ஒளித்ததற்கு ஊர் கொடுத்த தண்டனை ஒரு சிரிப்பு. அதற்காக ஒரு பெண்ணைத் திருடியாக்கியிருந்தேன்.

அன்றைக்கே மைக்கும் நானும் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினோம். தனத்தின் அப்பாவும் அக்கம்பக்கத்தாரும் நிற்க, அவர்கள் வாசலிலேயே மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பா என்னை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம். தனம் என்னைப் பார்த்து, "எட்டு புடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒம்போது குடுத்திருப்பேனே சார்" என்றாள்.

திரும்பி வேலைக்கு வரச் சொன்னேன். வரவில்லை. இப்போது வேங்கிக்காலில் ஒரு தனியார் ஆபீசில் இருக்கிறாள். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வாள். நின்று பேசமாட்டாள். அது எனக்குக் கிடைக்கவேண்டியதுதான்.

மைக் இந்த வருஷம் ஓசூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். பேட்டரி போட்ட ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் அவருடைய அந்தப் பைத்தான் இன்னும் ஓடுகிறது. போன் செய்தால், "யாரு பேசறது? நம்ம லாட்ஜு மொட்டைமாடிக் கொரங்குக்கு எந்தக் காதுல கிழிசல்?" என்று கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் நலம் விசாரிப்பார்.

கேமராப் பெட்டி என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, எட்டாம் நம்பராகவே. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது அது விழித்துக்கொண்டு, தன் நம்பரையும் மச்சத்தையும் ஒயருக்குள் எல்லோருக்கும் ஒருமுறை சொல்லும். கீழே ஸ்பீக்கரில் அந்தப் பழைய பந்தல் குரல் மெல்ல ஒலிக்கும்: "எட்டாம் நம்பர் அவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். தேடியவர்கள் கவலைப்பட வேண்டாம்."

கரண்ட் போனால் லாட்ஜில் எல்லோரும் எரிந்து விழுகிறார்கள். நான் மட்டும் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து, அது திரும்பி வரும் வரை காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.